பூட்டிய கேட்டும் வராத பஸ்ஸும்

ஊரைக் கட்டுகிறவர்களுக்கு மனிதனுக்குக் கால் இருப்பதே மறந்துபோகிறது. அந்த வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

டவுனுக்கு வெளியே பொன்மலர் நகர் என்று மதில் போட்ட ஒரு குடியிருப்பு. அங்கே வாடகைக்கு இருந்தாள் செண்பகவல்லி. டவுன் ஜவுளிக்கடையில் ஜாக்கெட் தைக்கும் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கும் மகளுக்கும் அதுதான் சோறு. இடது கண் தெரியாது, வண்டி ஓட்ட முடியாது. ஆனால் மதிலின் பின்பக்கம் ஒரு சின்ன கேட் இருந்தது. அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். நகரில் பாதிப்பேர் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள்.

ஒருநாள் யாருடைய சைக்கிளோ களவு போயிற்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்தியசீலன் உடனே சின்ன கேட்டைப் பூட்டிவிட்டார். திருடன் முன்வாசல் வழியாகத்தான் போனான் என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் காதில் ஏறியது?

இனி பஸ் ஏற வேண்டுமானால் முன்வாசலில் இறங்கி, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். செண்பகவல்லி தினமும் கடைக்குத் தாமதமானாள். இன்னும் தாமதமானால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். பதறிப்போய்ச் செயலாளரிடம் ஓடினாள்.

"உங்க ஒருத்திக்காக எல்லார் வீட்டையும் திறந்து போட முடியுமாம்மா?" என்றார் சத்தியசீலன்.

மற்றவர்கள் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார்கள். பஸ் காலியாக வந்தது, காலியாகப் போனது, பிறகு வராமலே நின்றுபோனது.

அப்போதுதான் நகருக்கு ரோஷம் வந்தது. மழை நாளுக்கு பஸ் வேண்டுமாம், வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு பஸ் வேண்டுமாம். திரண்டு டிப்போவுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். மேனேஜர் மனுவை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "பஸ் வேணும்கிறீங்க. வெளியே நிக்கிற ஸ்கூட்டரெல்லாம் யாருது?"

எல்லோரும் கிளம்பிப் போனபின், நடந்தே வந்த செண்பகவல்லி வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தாள்.

"அந்த பஸ்ஸுல போறவ நான் சார்."

"ஒருத்தருக்காக பஸ் விட முடியாதும்மா" என்றார் மேனேஜர், பாவம், தலையைக் குனிந்துகொண்டே.

சொல்லுங்கள்: பஸ்ஸைத் துரத்தியது யார்? நிறுத்திய மேனேஜரா, ஸ்கூட்டர் வாங்கிய ஜனங்களா, கேட்டைப் பூட்டிய சத்தியசீலனா?

விடை: மேனேஜர் நிறுத்தியது காலி பஸ்ஸை. ஜனங்களோ, வழி இருந்தவரை நடந்து பஸ் ஏறியவர்கள்தான். பாதை எப்படியோ பயணமும் அப்படி. அதனால் துரத்தியது சத்தியசீலனின் பூட்டு. கேட்டைத் திறந்தால் கூட்டம் திரும்பும், கூட்டம் இருந்தால் பஸ்ஸும் வரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்க டிப்போவுக்கு ஓடினார்களே, அந்த மனுவைச் சத்தியசீலனிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்! எங்கே கொடுப்பது? அதில் முதல் கையெழுத்தே அவருடையது. செண்பகவல்லியின் தையல் மிஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.