முட்டுக்கு நின்ற பெடல்

தூத்துக்குடியில், மீன்வலை விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில், ஒரு டிரம் செட்டு குடித்தனம் நடத்தி வந்தது. மெல்லிசைக் குழு ஒன்று பாடிப் பழகுகிற அறை அது.

குடித்தனம் என்றால் அதில் எல்லாரும் உண்டல்லவா? வயிறு பெருத்த பெரிய டிரம் நடுவில் சாய்ந்து கிடப்பார். அதிகம் பேச மாட்டார். பேசினால் தரை அதிரும். சடசடக்கிற சின்ன ஸ்நேர் டிரம்முக்கு வாய் ஓயாது. பித்தளைத் தட்டான சிம்பலோ ஒரு மினுக்கி. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இவர்களுக்கெல்லாம் கீழே, தரையோடு தரையாகப் பெடல் கிடந்தது. பெரிய டிரம்மின் வளையத்தை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். அதன் பலகையைக் காலால் மிதித்தால், கம்பளி சுற்றிய அதன் தலை எழும்பிப் போய்ப் பெரிய டிரம்மை முட்டும். தும் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்தத் தும்மைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டு முழுக்க நடந்து போகும்.

மிதிக்கிற கால் ரெஜினாவுடையது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பெண் அவள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உட்காருவாள். அந்தப் பாதத்தின் சூடு பெடலுக்குத் தெரியும். குதிகால் வெடிப்பு தெரியும். சேற்றுப்புண் வந்த நாளில் எந்த விரலைத் தூக்கிவைத்து மிதிப்பாள் என்பதும் தெரியும். அவள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே போதும், அதன் ஸ்பிரிங் ஒரு தரம் சிலிர்த்துக்கொள்ளும்.

வருஷம் போகப் போக ரெஜினா செட்டில் ஒவ்வொன்றாக மாற்றினாள். ஸ்நேர் புதுசு வந்தது. சிம்பல் புதுசு வந்தது. உட்காருகிற ஸ்டூல்கூட மெத்தை வைத்து வந்து சேர்ந்தது. பெடலை மட்டும் அவள் மாற்றவில்லை.

வந்த நாளிலேயே புதுச் சிம்பல் பெடலைச் சீண்டியது. "என்ன அண்ணாச்சி, எல்லாரையும் மாத்தியாச்சு. உங்களுக்கு எப்ப விடுதலை?"

பெடல் சிரித்தது. "ஏல, காதுல தொங்குறத மாத்தலாம், கழுத்துல தொங்குறத மாத்தலாம். நடக்கிற கால எவளாவது மாத்துவாளா?"

"அப்படி ஒண்ணும் பெருமப்பட வேண்டாம்" என்றது ஸ்நேர். "மேடையில கண்ணுக்குத் தெரியுறதத்தான் அவ முதல்ல மாத்துதா. குனிஞ்சு உங்கள யாரு பாக்கா? அதான் விட்டு வச்சிருக்கா."

பெடல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தன்னிடம் வருகிற கால் எப்படி வருகிறது என்று அதற்குத்தானே தெரியும்?

உப்புக்காற்று ஊர் அது. ஸ்பிரிங்கில் துரு ஏறியது. ரெஜினா தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். முனகல் நின்றதே தவிரத் தளர்ச்சி போகவில்லை. அடித்துவிட்டுத் திரும்பி வர அதற்கு மூச்சு வாங்கியது. அது ரெஜினாவுக்குத் தெரியவில்லை; காலுக்குத் தெரிந்துவிட்டது. மிதிக்கவேண்டிய நேரத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே மிதிக்கக் கால் பழகிக்கொண்டது.

பெடலுக்கு அதில் ஒரே பூரிப்பு. 'பாரேன், எவ்வளவு சீக்கிரமா வருது!' என்று நினைத்துக்கொண்டது. கச்சேரி முடிகிறபோதெல்லாம் ரெஜினா முழங்காலுக்குக் கீழே ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வதை அது கீழேயிருந்து பார்த்தது. ஏன் கட்டுகிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் சேக்காளிகள் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேகமான பாட்டு. கால் மிதித்தது, பெடல் எழும்ப முடியாமல் இரண்டு அடியை விழுங்கிவிட்டது. ஆடியவர்களுக்குக் கால் பின்னிக்கொண்டது.

"டிரம்ஸ் அக்கா, சாப்பிட்டியளா இல்லையா? பந்தி இன்னும் நடக்குது!" என்று ஒருத்தன் கத்தினான். மண்டபமே சிரித்தது.

கீபோர்டு வாசிக்கிற பாக்கியநாதன்தான் குழுவுக்குத் தலைவர். சாமான்களை ஏற்றும்போது அவர் சொன்னார்: "பிள்ள, உன் கையில குத்தமில்ல. அடியில கிடக்கிற கிழடுதான் உன் கால வாருது."

"அது மேல பழியப் போடாதிய மாஸ்டர். நான்தான் சரியாப் பழகல."

"பழகினதுதான் வினை. அதோட நொண்டியும் சேந்து உனக்கு வந்துட்டு."

அடுத்த வாரம் புதுப் பெடல் வந்தது. இரட்டைச் செயின், அகலமான பலகை. தொட்டாலே துள்ளியது. ரெஜினா பழசின் பிடியைத் தளர்த்தினாள். கவ்விக் கவ்வி வளையத்தில் அது பதித்த தழும்பு மட்டும் அங்கே தங்கியது.

அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. அடி வாங்க வாங்கப் பெரிய டிரம் முன்பக்கமாக நகர்ந்துகொண்டே போவார். நகராமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கு வைப்பார்கள். அந்தக் கல்லைக் கல்யாண மண்டபத்தில் மறந்து விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ரெஜினா பழைய பெடலை எடுத்து, ஜமுக்காளத்தின் மேல், டிரம்முக்கு முன்னால் முட்டாக வைத்தாள்.

"நீ இங்கயே இரு, என்ன?" என்றாள்.

இத்தனை காலமும் பெடல் டிரம்முக்குப் பின்னால் இருந்தது. இப்போதுதான் முதல் முறையாக முன்னால் வந்திருக்கிறது. தும் என்று ஒரு அடி விழுந்தது. ஜன்னல் கம்பி நடுங்கியது. 'இதுவா நான் போட்ட சத்தம்? இவ்வளவு பெரிசா?' என்று அது திகைத்துப்போனது.

அடுத்த அடி விழுந்தது. அதற்கடுத்ததும். எல்லாம் ஒரு நூல் முன்னாலேயே விழுந்தன.

பாக்கியநாதன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "எங்க பிள்ள ஓடுத? திருச்செந்தூர் பஸ்ஸப் பிடிக்கவா?"

"தெரியல மாஸ்டர். கால் தன்னால முந்துது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி ஓடியது. கை ஒரு பாட்டு, கால் ஒரு பாட்டு. கடைசியில் எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள்.

அறை வெறிச்சோடியதும் ஸ்நேர் ஆரம்பித்தது. "புதுசு புதுசுன்னு கொண்டாந்தா. லட்சணத்தப் பாத்தியளா?"

புதுப் பெடல், டிரம்முக்கு அந்தப் பக்கம் இருந்த பழசை மெதுவாகக் கூப்பிட்டது. "அண்ணாச்சி."

"என்னல?"

"அந்தக் கால் எம்மேலதான் இருக்கு. ஆனா அது மிதிக்கது என்னையில்ல. உங்களத்தான்."

பழைய பெடல், "இன்னொரு தரம் சொல்லு" என்றது.

"உங்களுக்காகத்தான் முந்தி வருது அண்ணாச்சி. நீங்க மெதுவா எழும்புவியன்னு நினைச்சுக்கிட்டு வருது. நான் தொட்ட உடனே பாஞ்சுருதேன். அடி முந்தி விழுந்துருது. ஏச்சு எனக்கு விழுது."

"அப்ப என்னய மறக்கல."

"மறக்கல."

பெரிய டிரம் வாய் திறந்தார். "அந்தப் பிள்ள காலுல ஏன் துணி கட்டுதான்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

பழைய பெடல் கம்பளித் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டது. "தெரியாமப் போச்சே பெரியவரே. என் தளர்ச்சியையும் சேத்துச் சுமந்துல்லா அந்தக் கால் வலிச்சிருக்கு. சீக்கிரமா வருதே, ஆசையில வருதுன்னுல்லா நினைச்சேன்."

படியில் சத்தம் கேட்டது. ரெஜினாவும் பாக்கியநாதனும் திரும்பி வந்தார்கள்.

"நாளைக்குப் புரோகிராம்" என்றார் பாக்கியநாதன். "இதோட மல்லுக்கட்ட நேரமில்ல. பழசையே மாட்டு பிள்ள. தெரிஞ்ச நொண்டிதான, எப்படியாவது சமாளிச்சுக்கிடலாம்."

"எனக்கும் அதான் தோணுது மாஸ்டர்" என்றாள் ரெஜினா. அதைச் சொல்லும்போதே அவள் குரலில் ஒரு நிம்மதி.

அவள் டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டாள். கையை நீட்டிப் பெடலைப் பிடித்தாள். கழற்றிய நேரத்திலிருந்து இந்தத் தொடுகைக்காகத்தான் அது ஏங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு நிமிஷம். பழைய இடம், பழைய வளையம், வெறும் பாதத்தின் சூடு. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா அவள் கையோடு போனால் போதும்.

அவள் மண்டியிட்டதில் பாவாடை ஒதுங்கி, முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த துணி தெரிந்தது. துணிக்கு மேலும் கீழும் சதை வீங்கியிருந்தது.

பெடலின் அடியில், வழுக்காமல் நிற்பதற்கென்று இரண்டு கூர்முனைகள் உண்டு. அந்த இரண்டையும் அது ஜமுக்காளத்தில் ஊன்றிக்கொண்டது.

ரெஜினா இழுத்தாள். வரவில்லை.

"என்னது, ஜமுக்காளத்தக் கவ்விட்டு நிக்குது?"

"பலமா இழு பிள்ள."

இழுத்தாள். நூல் நூலாகப் பிய்ந்தது ஜமுக்காளம். பெடல் முனைகளை இன்னும் ஆழமாக ஊன்றியது. அவள் சொன்னதை அது கேட்காமல் இருந்தது வாழ்நாளில் இந்த ஒரு தரம்தான்.

"அண்ணாச்சி, உங்கள அவளே கூப்பிடுதா!" என்று பதறியது ஸ்நேர். "இனிமே கூப்பிட மாட்டா. போங்க அண்ணாச்சி!"

"நீ சும்மா இரு" என்றது பெடல்.

ரெஜினா கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெடலைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"வர மாட்டேங்குது மாஸ்டர். கிடக்கட்டும். இன்னும் ஒரு தரம் புதுசுலயே பாக்கேன். மெதுவா எடுங்க. நடை பழகுற பிள்ளைக்கு வாசிக்க மாதிரி, அவ்வளவு மெதுவா."

பாக்கியநாதன் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். தும். முந்தி விழுந்தது. தும். அதுவும் முந்தியது. முந்தி விழுகிற ஒவ்வொரு அடிக்கும் பழைய பெடலுக்கு நெஞ்சு குளிர்ந்தது: இன்னும் என்னைத்தான் தேடுது. குளிர்ந்த உடனே அதற்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தப் பக்கம் புதுப் பெடல் பொறுமையாக அந்தக் காலுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டே இருந்தது. 'நான் வேற ஆளு. அவசரம் வேண்டாம். நான் இருக்கேன்' என்கிற மாதிரி.

கீழே வலைக்கடையில் கதவை இறக்கினார்கள். அவர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ரெஜினா நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

தும்.

பாக்கியநாதன் வாசிப்பை நிறுத்தாமலே "ஆங்!" என்றார்.

அடி, விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. பழைய பெடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. அதுவும் சரியாக விழுந்தது. அதற்கடுத்ததும்.

கால் பழசை மறந்துவிட்டது.