புதுசுக்கு நாற்காலி கிடையாது

எம்.எஸ்சி. படித்து, பரீட்சை எழுதி, தாலுகா ஆபீஸ் வேலைக்கு வந்தாள் தங்கபுஷ்பம். தாசில்தார் கோதண்டபாணி அவளுக்கு நாற்காலியே தரவில்லை.

"புதுசா வந்தவங்க ஒரு வருஷம் நின்னுதான் வேலை பாக்கணும். அதுதான் இங்க வழக்கம்" என்றார், துண்டு போர்த்திய தன் நாற்காலியில் சாய்ந்தபடி. என்ன கொழுப்பு அந்த மனுஷனுக்கு! நின்னு நின்னு அந்தப் பிள்ளைக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு.

மாவட்டத்துக்குப் புதிதாக வந்த கலெக்டரம்மா ஆய்வுக்கு வந்தார். அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் காணோம்.

"யாருய்யா எடுத்தது?" என்று தாசில்தார் கத்தினார்.

"நான்தான் சார். மேடமும் புதுசுதானே? நீங்க சொன்ன வழக்கத்தை மீறலாமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

கலெக்டர் அந்த வீங்கிய கால்களைப் பார்த்தார். தாசில்தார் பக்கம் திரும்பினார்.

"நின்னு வேலை பாக்குறதுல நீங்கதான் இங்க புதுசு. உங்க நாற்காலியை இந்தப் பொண்ணுக்குக் குடுங்க. துண்டை வேணா நீங்க வச்சுக்குங்க."