கனமான லீவர்

“அவன் தெரிஞ்சேதான் விட்டான். கடை ஷட்டரோட ஸ்பிரிங் போயிடுச்சுன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய இழுக்கச் சொன்னான். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? ‘உன் கை சரியில்லலே’ன்னான்.”

தங்கப்பழம் அண்ணாச்சி வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் மட்டும் மற்ற நாலோடு சேராமல் வெளியே கோணி நின்றது. உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. வைத்து நாற்பது வருஷம்.

ஷம்ஷாத் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டே “ம்” என்றாள். இந்தக் கதையை அவள் எத்தனையாவது தடவை கேட்கிறாளோ. அந்த முதலாளியின் பேரை அண்ணாச்சி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன்தான். வெறும் அவன்.

“இன்னைக்கும் இருக்கான். எங்கேயோ பேரப்பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு நல்லாத்தான் இருக்கான். வந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமே! ‘தங்கப்பழம், உன் கை இல்லப்பா, என் ஷட்டர்தான்’னு. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. சொல்லுவானா? மாட்டான்.”

“டீ ஆறுது அண்ணாச்சி.”

அண்ணாச்சி கிளாஸை எடுத்தார். சுண்டுவிரல் தனியே மேலே தூக்கிக்கொண்டது.

“ஜமீன்தார் மாதிரியே குடிக்கிறீங்க.”

“சிரிங்க, சிரிங்க.”

இதில் அண்ணாச்சிதான் சிஷ்யர். வயது ஐம்பத்து நாலு. குருவுக்கு முப்பத்து மூன்று. விமானிகளைப் பழக்கும் பெரிய சிமுலேட்டர்களுக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். பெடல், ஸ்டிக், த்ராட்டில் என்று எதைக் கொண்டுவந்தாலும் சரிசெய்து கொடுப்பாள். த்ராட்டில் என்பது இன்ஜினை அடக்குகிற லீவர். முன்னே தள்ளினால் உறுமும், பின்னே இழுத்தால் ஓயும்.

அண்ணாச்சிக்குப் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கிற கடை. இந்தச் சாமானுக்கெல்லாம் கிராக்கி ஏறுகிறது என்று மூக்கில் வேர்த்து, பதினோரு மாதத்துக்கு முன்னால் மாடி ஏறி வந்தார். வாரம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வேன் என்றாள் ஷம்ஷாத். ரெண்டாக்குங்க என்று ஒரு மணி நேரம் பேரம் பேசினார். வாழ்க்கையில் அவருக்குப் படியாமல் போன பேரம் அது ஒன்றுதான்.

“இந்த வாரக் கேள்வி என்ன?”

“ஒரு த்ராட்டிலைக் கையில எடுத்த உடனே அது நல்லதா கெட்டதான்னு எப்படிச் சொல்றது, வாத்தியாரம்மா?”

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கறுப்புத் த்ராட்டிலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“சொல்லுங்க.”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு லீவரைத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார்.

“நல்ல கனம். நிதானமா வருது. ஆட்டம் இல்ல. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

“கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாங்கியிருக்காங்க.”

கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் ஒரு பச்சைப் பட்டை வந்தது. லீவர் ஏறினால் பட்டையும் ஏற வேண்டும்.

அண்ணாச்சி தள்ளினார். லீவர் கால்வாசி தாண்டியது. பட்டை படுத்தே கிடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிய பிறகுதான் எழுந்தது.

“டெட் ஸோன்,” என்றார், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட குரலில். “நீங்க மொத வாரம் சொல்லிக் குடுத்ததுல்லா? லீவர் அடியில லேசா நடுங்கினா, அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் கண்டுக்காம விட்டுரும்.”

“எவ்வளவு விடலாம்னு சொன்னேன்?”

“நூத்துக்கு ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு.”

“இதுல எவ்வளவு இருக்கு?”

திரையில் முப்பது என்று இருந்தது.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “எவனோ கெட்டிக்காரன்.”

ஷம்ஷாத் சிரிக்கவில்லை. “இது லீவருக்குள்ளேயே பதிஞ்சிருக்கு. எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் கூடவே போகும்.”

முப்பதைச் சுழியாக்கினாள். லீவரை யாரும் தொடவில்லை. பட்டை மட்டும் கரையில் போட்ட மீனாகத் துள்ளியது.

“இப்பச் சொல்லுங்க. நல்லதா, கெட்டதா?”

“கெட்டது,” என்றார் அண்ணாச்சி. “ஆனா வித்துரும்.”

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வந்தவள் எஸ்தர். விமானப் பயிற்சிப் பள்ளி மாணவி, இருபத்து மூன்று வயது. ஹெல்மெட்டைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, யாராச்சும் கேட்டாங்களா?”

“காலையிலதானே குடுத்தே. இவர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கேன்.”

எஸ்தர் அண்ணாச்சியைப் பார்த்தாள். “நீங்க எடுத்துக்கிறீங்களா அங்கிள்? தைரியமா எடுத்துக்கலாம். லீவர்ல கோளாறுன்னு அக்கா சொல்லுவாங்க, நம்பாதீங்க. அக்காவுக்கு யாரையும் விட்டுக்குடுக்க மனசு வராது. கோளாறு என் கைலதான்.”

“கைல என்ன கோளாறு?”

“செக்ல, அதான் ஓட்டிக் காட்டுற டெஸ்ட்ல, ஃபெயில் ஆயிட்டேன்.”

“அதுக்கும் கைக்கும் என்ன?”

எஸ்தர் உள்ளே வந்தாள். நின்றபடியே லீவரைப் பிடித்தாள்.

“எங்க ஸ்கூல்ல விமானம் ஆறு மாசம் ரிப்பேர்ல நின்னுச்சு. கை மறந்துடக் கூடாதேன்னு வீட்டுல இதுலதான் பழகினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை இறக்குவேன். செக் அன்னைக்கு ரன்வே கிட்ட வந்ததும், கை தானா வந்து இங்க நின்னுச்சு.”

லீவர் கால்வாசிக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றது.

“வீட்டுல இந்த இடத்துல இன்ஜின் ஓய்ஞ்சிரும். அங்க ஓயல. விமானம் தரையைத் தொடவே மாட்டேங்குது. மிதக்குது. கீழ ரன்வே ஓடுது, ஓடுது, தீரப் போகுது. இன்ஸ்ட்ரக்டர் என் கையைத் தட்டிவிட்டுட்டு அவரே எடுத்துட்டார்.”

“மீட்டர்னு ஒண்ணு இருக்கும்லா? அதைப் பார்க்க வேண்டியதுதானே?” அண்ணாச்சிக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது.

“அந்த நேரத்துல கண்ணு ரன்வேலதான் இருக்கும் அங்கிள். கையை நம்பித்தான் இறங்கணும்.”

“இன்ஸ்ட்ரக்டர் என்ன சொன்னார்?” என்று ஷம்ஷாத் கேட்டாள்.

“எத்தனை தடவைக்கா கேப்பீங்க? ‘உன் கை சரியில்லம்மா’ன்னார்.”

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதில் இன்னும் பாதி டீ இருந்தது.

“ஒன்பது நாள் கழிச்சு மறுபடி ஒரு செக் வெக்கிறாங்க,” என்றாள் எஸ்தர். “போறவங்க இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல பேர் குடுக்கணும். கிளார்க் நாலரைக்கு மேலதான் வருவார், நான் போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். என் கை சரியில்லன்னு எனக்கே தெரிஞ்சப்புறம் நாளைக்குப் பின்னாடி நாலு பேரை உக்கார வெச்சு எப்படிக்கா ஓட்டுவேன்?”

அண்ணாச்சிதான் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“இதை எங்க வாங்கின பாப்பா?”

“அப்பா வாங்கிட்டு வந்தார். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறார். அவருக்கு லீவர்னா கனமா இருக்கணும், லேசா இருந்தா நம்ப மாட்டார். கடைல இருந்த அத்தனையையும் தள்ளிப் பார்த்துட்டு, ‘இதுதான்டா லீவர்’னு இதை எடுத்தாராம். கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்து, ‘பொண்ணு பைலட் ஆனதும் கடைக்குக் கூட்டிட்டு வரணும்’னு சொல்லி அனுப்பினாராம். அப்பா இன்னைக்கும் சொல்லுவார், தங்கமான மனுஷன்னு.”

நீலச் சட்டை. காய்த்துப்போன உள்ளங்கை. லீவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்த முகம். அண்ணாச்சிக்கு எல்லாமே ஞாபகம் வந்தது. அந்த டீக்கு அவர் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னதுகூட.

“வரேன்க்கா. வந்த விலைக்குக் குடுத்துடுங்க.”

எஸ்தர் படி இறங்கிப் போகிற சத்தம் அடியில் போய்த் தேய்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

“அந்தாளுக்குப் புத்தி எங்க போச்சு!” அண்ணாச்சி வெடித்தார். “கிரேனும் இதுவும் ஒண்ணா? வாங்குறவன் பார்த்து வாங்க வேண்டாமா? நாங்க என்ன சத்திரமா நடத்துறோம்?”

ஷம்ஷாத் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

“பிரிக்காதீங்க. மரை போயிரும். நான் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கிறேன்.”

அவள் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

“வாத்தியாரம்மா, சொல்றேன்ல!”

நாலு ஸ்க்ரூவும் வந்துவிட்டன. மூடியைத் தூக்கினாள். லீவரின் அடித்தண்டைக் கவ்வும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, விரலகலத்தில் ஒரு துண்டு எக்ஸ்ரே ஃபிலிம் செருகியிருந்தது. லீவரின் கனமெல்லாம் அதுதான். உரசி உரசி அதன் ஓரம் பொடியாகி, கீழே, லீவரின் நிலையை அளக்கிற, முன்பே தேய்ந்துபோன வால்யூம் கண்ட்ரோலுக்குள் கொட்டியிருந்தது. துள்ளிய மீன் அங்கேதான் பிறந்திருந்தது.

அவள் குறட்டால் ஃபிலிமை உருவி மேஜையில் போட்டாள். பொடியை ஊதித் தள்ளினாள். பழைய வால்யூமைப் பிடுங்கிவிட்டுப் புதிதைப் பற்றவைத்தாள். மூடி, மாட்டி, அடியிலும் உச்சியிலும் லீவரை நிறுத்திக் கம்ப்யூட்டருக்கு அளவு சொல்லிக் கொடுத்தாள். டெட் ஸோன் இரண்டு.

“டெட் ஸோன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது நான்,” என்றாள் வேலையைப் பார்த்துக்கொண்டே. “இந்தக் கோளாறுல என் பங்குக்குத்தான் இந்த வேலை. இப்பத் தள்ளுங்க.”

அண்ணாச்சி தள்ளினார். லீவர் காகிதம் மாதிரி போனது. பட்டை விரலோடு சேர்ந்து ஏறி, விரல் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது.

“இவ்வளவு லேசா இருக்கே. எவன் வாங்குவான்?”

“விக்கிறதுக்கா சரி பண்ணினேன்?”

அண்ணாச்சி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, தனக்குத் தெரிந்த தொழிலை ஆரம்பித்தார்.

“புதுசு ஒண்ணு குடுத்துடறேன். பெட்டியே பிரிக்காதது. நீங்க குடுக்குற மாதிரி குடுத்துடுங்க.”

“பழசே சரியாயிடுச்சே.”

“பெடலும் சேர்த்துத் தாரேன்.”

“அவ பெடல் கேக்கலயே.”

“சரி, அதெல்லாம் விடுங்க. ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. கோளாறு லீவர்லதான், உன் கை நல்ல கைதான்னு. நீங்க சொன்னா நம்புவா.”

“காலையிலேயே சொன்னேன். இதே ஸ்க்ரீனைக் காட்டிச் சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“‘மனசைத் தேத்துறதுக்குச் சொல்றீங்கக்கா’ன்னா. ‘இவ்வளவு நல்ல மனுஷன் கிட்ட வாங்கினது, அதுல எப்படிக் கோளாறு வரும்’னா.”

மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

ஷம்ஷாத் அந்த ஃபிலிம் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சுண்டுவிரல். கணுவில் வெளிப்பக்கமாகக் கோணிய எலும்பு. எலும்புக்குள் ஊசி மாதிரி வெள்ளையாக ஒரு கம்பி.

அந்த எக்ஸ்ரேயை அண்ணாச்சி முப்பத்தொன்பது வருஷம் பழுப்பு உறையோடு பீரோவில் வைத்திருந்தார். என்றைக்காவது அவன் எதிரே வந்தால் மூஞ்சியில் விட்டெறிவதற்கு. அவன் வரவில்லை. போன வருஷம், வழவழப்பாய், முறியாததாய் ஒரு தகடு தேவைப்பட்டபோது கத்தரிக்கோலை எடுத்தார். விரலகலத்துக்கு வெட்டி இந்த லீவருக்குள் செருகி, டெட் ஸோனை முப்பதாக்கி விற்றார்.

இப்போது வலது கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

“யாருதோ,” என்றார்.

அவள் துண்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“அண்ணாச்சி, அந்த முதலாளி அன்னைக்கு உங்களுக்கு ஒரு புது ஷட்டர் வாங்கிக் குடுத்திருந்தா?”

“எனக்கெதுக்கும்மா ஷட்டர்!” என்று சீறியவர், மேஜைக்கு அடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்தார்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். அது கிளம்பவில்லை.

ஷம்ஷாத் த்ராட்டிலைப் பெட்டியில் வைத்து மூடி, அதையும் ஃபிலிம் துண்டின் பக்கத்திலேயே வைத்தாள்.

“நாப்பது வருஷமா வருவான், வந்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்துக்கிட்டு இருக்கீங்க,” என்றாள். “மணி நாலே கால். ஸ்கூல் ஆபீஸுக்கு இங்கேயிருந்து இருபது நிமிஷம். அஞ்சு மணிக்கு முன்னாடி, எஸ்தருக்குச் சொல்ல வேண்டிய அவனை அங்க அனுப்பி வைங்க.”