ஏழாவது பட்டியல்

கோவையில் ஓர் இசைப் பத்திரிகையில் பிழை திருத்துபவள் ரெஜினா. 'துருவானம்' என்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் சிறந்த பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தச் சொன்னார் ஆசிரியர் அனந்தநாராயணன். அவள் கொடுத்த ஆறு பட்டியலையும் கிழித்துப் போட்டார்.

"நாளைக்குள்ள சரியா வரலேன்னா வேலைக்கே வராதே!"

அதே பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு ரெஜினாவுக்குக் காது மரத்துப்போயிருந்தது. மறுநாள் ஏழாவது பட்டியலை நீட்டினாள்.

"இதைப் போட்ட ஆளுக்குக் காது இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

"தெரியல சார். போன வருஷ ஆண்டு மலர்ல நீங்க போட்டது. ஒரு எழுத்துகூட மாத்தல" என்றாள் ரெஜினா அலுப்போடு.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஆசிரியர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நீயே பார்த்துப் போட்டுடும்மா."

"சரி சார். இன்னிக்கு மட்டும் பாட்டுக் கேக்கச் சொல்லாதீங்க."