பாலத்தடியில் வைத்த போர்டு

செவ்வாய்க்கிழமை காலை கொம்பையாவின் ஆட்டோ பாலம் வரைக்கும் போய், போர்டைப் படித்துவிட்டுத் திரும்பியது. நடந்த தப்பு அவ்வளவுதான்.

ஆனால் கொம்பையாவுக்கு அன்று டயாலிசிஸ். அக்கரை ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு அவர் முறை. ஊருக்கு வெளியே ரோடு பிரிகிற விலக்கு, அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் பாலம். அத்தனை தூரம் போனபிறகுதான் பாலம் மூடியது தெரிந்தது. மறுபடி விலக்குக்கு வந்து, அணைக்கட்டு ரோடு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டு, வீங்கின காலோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

போர்டு எழுதியது திரவியம்.

திரவியத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ரோடு போடும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர். வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்குச் சீடனாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பாலம் பழுதுபார்க்க வந்த சூப்பர்வைசர், 'ஊர்க்காரங்களுக்கு நீங்க சொன்னா கேப்பாங்க' என்று மடத்துப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டார். பெரியவர் திரவியத்தைக் கை காட்டினார். திரவியம் இரண்டு நாள் உட்கார்ந்து, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், அளவு பிசகாமல் எழுதினார். தேதி, காரணம், மாற்றுவழி எல்லாம் இருந்தது. கொண்டுபோய்ப் பாலத்தின் வாயிலேயே நட்டார்.

புதன்கிழமை கொம்பையா மடத்துக்கு வந்தார். திட்டுவார் என்று திரவியம் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"எழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. கண்ணாடி இல்லாமலே படிச்சிட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரவியம் பெரியவரிடம் போனார். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கேள்வி கேட்டால் பிடிக்காது. கேட்காமல் நின்றால் அதுவும் பிடிக்காது.

"சாமி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"வெயில்ல வந்திருக்கீரு. மலைக்கோயில் வாசல்ல மோர்ப்பானை இருக்கு. குடிச்சிட்டு வாரும்."

"இப்பவா சாமி?"

"பின்ன, பொங்கலுக்கா?"

இருநூற்று நாற்பது படி. உச்சி வெயில். கல் சுட்டது. திரவியம் நூறாவது படியில் ஒருதரம், நூற்றெண்பதில் ஒருதரம் உட்கார்ந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக மேலே போனால் பானை கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் ஒரு அட்டை. 'இன்று மோர் இல்லை.'

இறங்கி வந்தார். பெரியவர் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மோர் இல்ல சாமி."

"எழுதி வச்சிருந்தேனே. எழுத்து புரியலையோ?"

"புரிஞ்சுது. அதை இங்கயே சொல்லியிருந்தா..."

"அந்த அட்டையை வைக்க விடியக்காலைல நானும் அத்தனை படி ஏறினேன்வே. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. போம்."

திரவியம் போனார். அன்றே பலகையைப் பிடுங்கி ஆட்டோவில் ஏற்றி, விலக்கில் கொண்டுவந்து நட்டார். இனி யாரும் வீணாக ஆறு கிலோமீட்டர் போக வேண்டாம். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், "இது உபகாரம் அண்ணாச்சி" என்றார்கள். திரவியத்துக்கு மனசு நிறைந்தது.

வியாழக்கிழமை மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். திரவியம் மடத்து அடுக்களை வாசலில் நின்று பேசினார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"நாளைக்கு அணைக்கட்டு ரோட்டுக்கும் தார் போடுதீங்களா? அப்ப அந்த வழியும் கிடையாது. பைபாஸ்தான். சரி சார். நாப்பது கிலோமீட்டர் வருமே? சரி. ஊருக்குச் சொல்லிருதேன்."

உள்ளே ஆவுடையம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மடத்துச் சமையல் அவள்தான். கொம்பையாவுக்கு உப்பில்லாமல் தனியாக ஒரு சின்னப் பானை வைப்பதும் அவள்தான். கொம்பையாவின் வீட்டுக்காரி வந்து தூக்குவாளியில் வாங்கிப் போவாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு வெள்ளியாச்சே" என்றாள்.

"ஆமாம்மா, வெள்ளிதான். போர்டுல போட்டுருதேன்" என்று திரவியம் பெயிண்ட் டப்பாவைத் தேடிப் போனார்.

நாலு மணிக்கெல்லாம் விலக்கில் எழுதி முடித்துவிட்டார். அம்புக்குறிக்குச் சிவப்பு அடித்தார். தூர நின்று பார்த்தார். நன்றாக இருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே விலக்குக்குப் போய் நின்றார். கொம்பையாவுக்கு இன்றும் டயாலிசிஸ் உண்டே, வருவார், கையைக் காட்டி நிறுத்தி நாமே வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பலகைக்குப் பக்கத்தில் பலகை மாதிரியே நின்றார்.

பால் வண்டி வந்தது, போனது. பள்ளிக்கூட வேன் போனது. ஏழு மணி. ஆட்டோவைக் காணோம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இப்போது வந்தால் மட்டும் என்ன? இங்கே சொல்லி, இங்கிருந்து பைபாஸைப் பிடித்து, எட்டு மணிக்குள் எப்படிப் போவது? ஒருத்தர் ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய சேதியை, விலக்கில் எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

செவ்வாய்க்கிழமை வீங்கின கால் கண்ணுக்குள் வந்தது. இன்னொரு முறை தவறினால் தாங்குமா?

திரவியம் ஓடினார். ஐம்பத்திரண்டு வயசுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடுவதைத் தெருவே பார்த்தது.

கொம்பையா வீடு பூட்டிக் கிடந்தது.

"அவங்க ஆறு அடிக்கிறதுக்கு முன்னாலயே போயாச்சே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பைபாஸ் வழியாப் போகணும்னு மடத்துல இருந்து நேத்தே சொல்லிட்டுப் போனாங்களாம். ஏன், ஒமக்குத் தெரியாதா?"

திரவியம் அந்த வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. யார் சொன்னது? யாராக இருந்தாலும் நல்லா இருக்கணும் என்று இரண்டு கையையும் சேர்த்து, பூட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எதுக்கு எங்க தெருப் பூட்டைக் கும்பிடுதீரு?" என்று அவள் சிரித்தாள்.

மதியத்துக்கு மேல் கொம்பையா மடத்துக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பின்னால் வீட்டுக்காரி ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்திருந்தாள்.

"எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையிலயே போய்ப் படுத்தாச்சு அண்ணாச்சி. மடத்துல இருந்து வீடு தேடி ஆள் அனுப்புனீங்களே, அது பெரிய காரியம். செவ்வாய்க்கிழமை மாதிரி இன்னைக்கும் ஆகியிருந்தா நான் இங்க நிக்க மாட்டேன். வீட்டு மரத்துல காய்ச்சது. வேற குடுக்க என்ட்ட ஒண்ணும் இல்ல."

வீட்டுக்காரி கட்டைத் திரவியத்தின் கையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. திரவியம் நேரே பெரியவரிடம் போனார்.

"சாமி, நீங்க ஆள் விட்டீங்களா?"

"மோர் இல்லைன்னு எழுதி வச்ச நாள்ல இருந்து நான் கட்டிலை விட்டு இறங்கல. நான் எங்க ஆள் விட?"

"பின்ன யாரு? அந்தப் போன் எனக்குத்தான் வந்துச்சு. வேற யாருக்கும் தெரியாது."

"எங்க நின்னு பேசினீரு?"

"அடுக்களை வாசல்ல."

பெரியவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். பிறகு கேட்டார்.

"வாரத்துல எத்தனை நாளு உப்பில்லாச் சோத்துப் பானை அடுப்புல ஏறுது?"

திரவியம் யோசித்தார். இரண்டு வருஷமாக அந்த அடுக்களையில்தான் சாப்பிடுகிறார்.

"தினமும்தான... தெரியல சாமி."

"அஞ்சு நாள். செவ்வாயும் வெள்ளியும் ஏறாது. அவங்க ஆஸ்பத்திரிலயே இருப்பாங்க, வாங்க ஆள் வராது."

வெளியே எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. திரவியம் முருங்கைக்காய்க் கட்டைப் பெரியவர் முன்னால் நீட்டியபடியே நின்றார்.

"அதை ஏன்வே என்கிட்ட நீட்டுதீரு?" என்றார் பெரியவர். "கொண்டுபோய் ஆவுடையம்மாள்ட்ட குடும்."