நாற்பதாவது மீனின் கண்கள்

“டீச்சர், இந்த ஆசாரி சரியான புளுகன்” என்றார் மாசிலாமணி.

குரு பொற்கொடிக்கு முப்பத்தாறு வயது. பழைய படங்களில் உள்ள மீன்களை இனம் காண்பதில் புலி. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. வங்கி வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கிற ஆளில்லை.

மேசையில் விரிந்திருந்தது இருநூறு ஆண்டுப் பழைய புத்தகம். தில்லையாண்டி ஆசாரி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட நாற்பது மீன்கள். மூன்று வருஷம் தலைகீழாக நின்று முப்பத்தொன்பதுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டார் மாசிலாமணி. கடைசி மீன்தான் தண்ணி காட்டியது. நாளைக்குப் பட்டியல் அச்சுக்குப் போகிறது.

“என்ன புளுகு?”

“பாத்தா நாக்கு மீன். ஆனா நம்ம கடல் நாக்கு மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம், அதுவும் இடப்பக்கம். இவரு வலப்பக்கம் வெச்சிருக்காரு. நான் தேடாத இடமில்ல. ‘கற்பனை மீன்’னு எழுதிடப் போறேன்.”

“எழுதினா அந்த மனுஷன் பேரு கெட்டுடும் சார். செத்தவரு வந்து பதில் சொல்ல மாட்டாரு.”

“வேற என்ன வழி?”

பொற்கொடி எழுந்தார். சந்தைக்குப் போய்ச் சின்னதாக ஒரு நாக்கு மீன் வாங்கி வந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு பெரிய உருளைக்கிழங்கு, பேனாக்கத்தி, கொஞ்சம் மை.

“பாத்து அப்படியே கிழங்குல செதுக்குங்க.”

மாசிலாமணிக்கு எரிச்சல்தான். ஆனாலும் உட்கார்ந்தார். மேசையில் தெரிந்தபடியே கண் இரண்டையும் இடப்பக்கம் குடைந்தார். விரலையும் ஒரு தடவை வெட்டிக்கொண்டார்.

“பொய் ஏதும் சேத்தீங்களா?”

“ஒரு செதில்கூட இல்ல.”

“அப்ப மை தடவிக் காகிதத்துல குத்துங்க.”

குத்தினார். கிழங்கை எடுத்தார். குனிந்து பார்த்தார்.

காகிதத்தில் கண்கள் வலப்பக்கம் இருந்தன.

“மத்த முப்பத்தொம்பதுக்கும் ரெண்டு பக்கமும் கண்ணு” என்றார் மெதுவாக. “அச்சுல இடம் வலமாத் திரும்பினது எனக்குத் தெரியல. இது ஒண்ணுதான் காட்டிக் குடுத்திருக்கு.”

அதற்குமேல் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மை அப்பிய கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பட்டியலை இழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினார்.

“என்ன எழுதுறீங்க சார்?”

மாசிலாமணி உரக்கப் படித்தார்.

“நாற்பது. நாக்கு மீன். செதுக்கியவர் மீனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறார்.”