மணி கொடுத்த குண்டுகள்

அந்தக் காலத்தில் சைக்கிள் மணியை யாரும் அடிக்க வேண்டியதில்லை. எதிரே ஆளோ ஆடோ வந்தால் அதுவாகவே ஒலிக்கும். அதன் கிண்ணத்துக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் இருந்தன. அவைதான் அதற்கு நாக்கு. ஆளில்லாத சாலையிலும் அது வாயை மூடியதில்லை. இரவில் டயரில் உரசி விளக்கெரித்துவிட்டு, பகலெல்லாம் விலகிச் சாய்ந்து தூங்கப் பார்க்கும் டைனமோவுக்கு அது பெரிய தொல்லை.

அந்த மணி, குன்னூரில் வர்க்கி பிஸ்கட் விற்கும் இருதயம் என்பவரின் சைக்கிளில் இருந்தது. பின்னால் கேரியரில், வர்க்கி டின் வைக்க ஒரு பலகை. பலகைக்கு ஒரே குறைதான். எங்கே போனாலும் அது பார்ப்பது இருதயத்தின் முதுகை.

ஒருநாள் மேட்டு பங்களா வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இருதயம் டின்னோடு உள்ளே போனார். வாசலோரம், பிள்ளைகள் காலில் மாட்டி உருளும் சக்கரச் செருப்பு ஒன்று வார் அறுந்து கிடந்தது. பலகை அதனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தது. அதன் நான்கு சக்கரங்களுக்கும் சும்மா கிடந்து அலுத்துப்போயிருந்தது. பலகை நழுவி இறங்க, நான்கும் அதன் அடியில் வந்து ஒட்டிக்கொண்டன.

"மணியக்கா, முன்னால என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்றது பலகை.

சரிவில் அது இறங்கியபோது சத்தமே இல்லை. சக்கரங்கள் அப்போது பூனைப் பாதம் போல ஓடுபவை. மணி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் கீழே, நடுச்சாலையில் நடந்து போகும் பிலோமினா கண்ணில் பட்டாள். இருதயத்தின் மனைவி. சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். சாலையின் ஒரு பக்கம் பள்ளம். பலகை நேராக அவள் குதிகாலைப் பார்த்துப் போனது.

மணி ஒலிக்கப் போய், அடக்கிக்கொண்டது. இந்த மணியைக் கேட்டால் பிலோமினா ஒதுங்க மாட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்ற இடத்திலேயே நிற்பாள். வீட்டுக்காரர் வந்து கேரியரில் ஏற்றிக்கொள்வார் என்று அப்படி நிற்பது அவள் வழக்கம்.

"கத்தேன்" என்றது டைனமோ. "வேண்டாத நேரமெல்லாம் கத்துவியே."

"நான் கத்தினா அவ நின்னுடுவா. அவளுக்குத் தெரியாத சத்தமா இருக்கணும்."

மணி தன் மூடியைத் திருகத் தொடங்கியது. டைனமோவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"குண்டையெல்லாம் கொடுத்துட்டா உனக்குப் பேச்சு வராது, தெரியுமில்ல?"

"நீயாவது நல்லா தூங்குவே" என்று சொல்லிவிட்டு மணி கவிழ்ந்தது.

குண்டுகள் கொட்டின. துள்ளித் துள்ளிச் சரிவில் ஓடி, பலகையை எட்டிப் பிடித்து, சக்கரங்களுக்குள் புகுந்துகொண்டன. உடனே கரகரவென்று ஊரே அதிர்ந்தது. மலையிலிருந்து கல்தான் உருண்டு வருகிறதென்று பிலோமினா பதறிப்போய்ச் சாலையின் மேட்டுப் பக்கம் பாய்ந்தாள். பலகை அவள் புடவைக் கரையை உரசிப் போய்ப் புல்மேட்டில் முட்டி நின்றது. மறுபடி ஓடிவிடாதபடி அவள் அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டாள். அந்தக் கால் பலகைக்குப் பிடித்துப்போயிற்று.

சத்தம் கேட்டு வெளியே வந்த இருதயம், டின்னை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"உங்க பலகைக்கு உங்களைவிட அவசரம்" என்றாள் பிலோமினா. "நல்லவேளை, சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு."

இருவரும் புல்லில் உட்கார்ந்து ஆளுக்கொரு வர்க்கி தின்றார்கள். தின்று முடித்ததும் இருதயம் எழுந்து, மணியைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் குண்டு, ட்ரிங் என்றது.

"அப்பாடா" என்றது டைனமோ. "அது போதும்."

பலகை கேரியருக்குத் திரும்பவில்லை. பின்னாளில் ஸ்கேட்போர்டு என்று பெயர் வாங்கிக்கொண்டு காலடியிலேயே தங்கிவிட்டது. அன்று முதல்தான் சைக்கிள் மணி, கட்டைவிரல் பட்டால் மட்டும் பேசுகிறது; பலகையோ மணியில்லாமலே கரகரவென்று தெருவில் வருகிறது. ஒதுங்கி நிற்பவர்கள் அதைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், ஒதுங்கிவிட்டார்களே என்று மணி பேசாமல் இருக்கிறது.